கை நோகுச்சி

"மிச்சி அக்கா போயிட்டா அன்ரி" என்று சுதா தொலைபேசியில் சொன்னபோது என் வாயில் குண்டூசிகள் இருந்தன. தையல் மெசினை நிறுத்தாமலே "எங்கை போனவ?" என்று கேட்டேன். மறுமுனையில் விம்மல் கேட்ட பிறகுதான் விளங்கியது. சுதா அவர் இருந்த முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற பிள்ளை. சாவு அவளுக்குப் புதிது இல்லை. அவளே அழுகிறாள் என்றதும் ஊசிகளை மேசையில் துப்பிவிட்டு நானும் அழுதேன். மெசினில் கிடந்தது ஒரு கம்பளி உள்சட்டை. அதன் கழுத்தை வெட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். அந்த வேலையை எனக்குக் காட்டித் தந்தவரும் மிச்சி அக்காதான்.

டென்மார்க்கின் இந்த ஹேர்னிங்கில் இருக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். "கோயில் தேருக்கு ஹவுஸ்கோட்டோட வாற யப்பான்காரி" என்றால் இன்னும் பலருக்குத் தெரியும். முழுப்பெயர் மிச்சிகோ. யென்ஸ் என்ற டெனிஷ்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு எங்களுக்கெல்லாம் முன்னமே இந்த ஊருக்கு வந்தவர். பிள்ளைகள் இல்லை. எங்கள் பெண்கள் அவருடைய பெயரின் பாதியை வெட்டி, அக்காவை ஒட்டிவிட்டார்கள். அந்தப் பெயரிலேயே இங்கு எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் திரைச்சீலை தைக்கிற தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து மெசின். அவர் என்னை "இந்திரா சான்" என்று கூப்பிடுவார். அது அவர்கள் மரியாதைக்குச் சேர்க்கிற சொல். முதல்முறை அதைக் கேட்ட என் கணவர், "சாண் இங்கை நிக்குது, முழம் எங்கை?" என்று கேட்டார். மத்தியானத்தில் என் சோற்றுப் பெட்டியும் அவர் சோற்றுப் பெட்டியும் ஒன்றாகத் திறக்கப்படும். எங்களுக்குள் கதை டெனிஷில்தான். என்னிடமிருந்து அவர் பிடித்துக்கொண்ட தமிழ் சொற்பம். "போதும்" என்பதை மட்டும் நன்றாகச் சொல்வார். நான் கறியை அள்ளி வைக்கிற வேகத்துக்கு அந்தச் சொல் அவருக்கு அவசியமாக இருந்தது.

யூன் மாதக் கடைசியில் வரும் சங்க்ட் ஹன்ஸ் மாலையன்று, ஏரிக்கரையில் விறகு அடுக்கி நெருப்பு மூட்டுவார்களே, அங்கேதான் அவரை முதன்முதலாக அந்த உடுப்பில் கண்டேன். டெனிஷ்காரர் எல்லாரும் மழைச்சட்டையோடு நிற்க, இவர் கருநீலப் பருத்தியில் மீன்வால்போல் அகன்ற கையும் இடுப்பில் பட்டியும் முதுகில் பெரிய பூமுடிச்சுமாக நடந்து வந்தார். என்னுடன் நின்ற பூமணி அக்கா என் காதுக்குள், "பாவம், அவசரத்திலை ஹவுஸ்கோட்டோட வந்திட்டா போலை" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. அடுத்த நாள் வேலையில் அதை அவரிடமே சொல்லிவிட்டேன். எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. அவர் சிரித்தார். ஊகம் சரிதானாம். அதன் பெயர் யுகாத்தா. முற்காலத்தில் குளித்துவிட்டு உடுத்துகிற உடுப்பாகத்தான் இருந்ததாம். குளித்த சுகத்தை விட மனமில்லாமல் சனங்கள் அப்படியே தெருவுக்கு வந்து, திருவிழாவுக்கும் வாணவேடிக்கைக்கும் அதையே உடுத்தப் பழகிவிட்டார்களாம்.

அதன் பிறகு ஒருநாள் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு, தன் யுகாத்தாக்களை மேசையில் விரித்துக் காட்டினார். தையல்காரியின் கண் முதலில் பிழையைத்தான் தேடும். கைகள் உடம்போடு சேரும் இடத்தில், கமக்கட்டுக்குக் கீழே, இரண்டு பக்கமும் தையல் விட்டிருந்தது. மூன்று உடுப்பிலும் அப்படியே. "அக்கா, தாங்கோ, ஒரு நிமிசத்திலை மூடித் தாறன்" என்று ஊசியை எடுத்தேன். அவர் பதறிப்போய்த் துணியைப் பறித்தார். அது காற்றுக்கு விட்ட வாசலாம். நீளமும் என் கண்ணுக்குச் சரியாகப் படவில்லை. அவர் என் தோளுக்குத்தான் வருவார். துணியோ என் உயரத்துக்கு இருந்தது. அதையும் மடித்துத் தைக்கத்தான் பார்த்தேன். மிச்சத்தை இடுப்பில் மடித்து, கயிற்றால் கட்டி, அதன்மேல் பட்டியைச் சுற்றுவார்களாம். "வெட்டிவிட்டால் அது என்னுடையது மட்டும் ஆகிவிடும். வெட்டாவிட்டால் நீயும் உடுக்கலாம்" என்றார். எங்கள் சேலையும் அப்படித்தானே என்றேன். அன்றைக்குத்தான் எங்கள் இருவருக்கும் உண்மையாக ஒட்டியது என்று நினைக்கிறேன்.

அந்த வருடமே எனக்கும் ஒன்றை உடுத்திவிட்டார். அதைச் சொன்னால் வெட்கக்கேடு, இருந்தாலும் சொல்கிறேன். யுகாத்தாவுக்கு இடை தெரியக்கூடாது. உடம்பு மேலிருந்து கீழ்வரை ஒரே நேராக இருக்க வேண்டும். மெலிந்த பெண்களுக்கு இடுப்பில் துவாயைச் சுற்றிக்கட்டி, அதன்மேல் உடுத்துவார்களாம். மிச்சி அக்கா கையில் துவாயோடு என்னைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு துவாயை அலுமாரியில் திரும்ப வைத்துவிட்டு, "உனக்குத் தேவையில்லை, நீ பிறந்ததே இதற்காகத்தான்" என்றார். பிள்ளைப்பேற்றோடு இடுப்பைத் தொலைத்த ஒருத்தியை யாராவது அதற்காகப் பாராட்டியது அதுதான் முதலும் கடைசியும்.

உடுப்பைத் தெரிவு செய்வதில் அவருக்கென்று சட்டங்கள் இருந்தன. சிவப்பு மீன் நீந்துகிற துணி இளம் பெட்டைகளுக்கு. வயது ஏற ஏற நிறம் அடங்க வேண்டும். பூ என்றால் அந்தப் பருவத்துப் பூ; பருவம் முடிந்த பூவை உடுத்தினால் பிந்தி வந்த விருந்தாளி மாதிரி. அவர் அடிக்கடி சொல்கிற ஒன்று உண்டு: "வெயில் காலத்தில் உடுத்தினவளுக்குக் குளிர்ந்தால் போதாது, பார்க்கிறவருக்கும் குளிர வேண்டும்." நான் விடுவேனா? "அக்கா, ஹேர்னிங்கிலை பாக்கிறவைக்கு எப்பவும் குளிர்தான்" என்றேன். அவர் மெசினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

குளிர் உண்மையில் எங்கள் இருவருக்கும் பொது எதிரி. புழுங்குகிற நாட்டில் பிறந்த உடுப்பை இந்த மேற்குக் காற்றில் உடுத்தி நிற்பது லேசான காரியமா? நாங்கள் தேருக்குப் பட்டுச்சேலை கட்டி அதன்மேல் பின்னல் சட்டை போட்டுக்கொண்டு போவோம். அதைக் கண்ட மிச்சி அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "குளிரை உள்ளே வைத்துக் கட்டு" என்றார். யுகாத்தாவுக்கு அடியில் அவர் பனிச்சறுக்குக்காரர் போடுகிற கம்பளி உள்ளுடுப்பு போட்டிருந்தார். வெளியே ஒரு நூலும் தெரியவில்லை. யுகாத்தாவின் கழுத்தைப் பின்னால் இழுத்துவிட்டு, பிடரி தெரியத்தான் உடுக்க வேண்டும் என்பதால் உள்சட்டையின் கழுத்தை ஆழமாக வெட்டி மடித்திருந்தார். நான் அதைப் பார்த்து எங்கள் பிளவுஸ் வெட்டுக்கு ஏற்றமாதிரி வெட்டினேன். இன்றைக்கு ஹேர்னிங்கிலும் ஹொல்ஸ்டெப்ரோவிலும் பின்னல் சட்டை இல்லாமல் தேரிழுக்கிற பெண்களுக்குள் பாதிப்பேர் மிச்சி அக்காவின் உபயத்தில்தான் சூடாக நிற்கிறார்கள்.

யென்ஸ் செத்த பிறகு வந்த கோடையில் தேருக்கு அவர் வெள்ளைத் துணியில் நீலப்பூப் போட்ட யுகாத்தாவை உடுத்தி வந்தார். எங்கள் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்து, "எங்கடை முறை மாதிரித்தான்" என்று உச்சுக்கொட்டினார்கள். அவருக்கோ துக்கத்தின் நிறம் கறுப்பு. அந்த வெள்ளை யென்ஸ் விரும்பி வாங்கிக் கொடுத்ததாம். நான் அதை அவர்களுக்கு விளக்கினேன். ஒருவரும் நம்பவில்லை.

தொழிற்சாலை மூடப்பட்டது. நான் வீட்டில் பிளவுஸ் தைக்கத் தொடங்கினேன். ஆனாலும் சங்க்ட் ஹன்ஸ் மாலையில் ஏரிக்கரைக்குப் போவது மட்டும் எங்களுக்குள் நிற்கவில்லை. ஒவ்வொரு வருடமும் அவர் யுகாத்தாவில்தான் வருவார். மழை பெய்தாலும் வருவார். முதுகில் அந்தப் பெரிய பூமுடிச்சு, தலைக்கு மேல் குடை.

போன வருடம் மாரியில் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன. அதைவிடக் கொடுமை, பேச்சும் போனது. நாற்பது வருடத்துக்கு மேல் பேசிய டெனிஷ் ஒரே நாளில் அவரைக் கைவிட்டது. ஏதோ முனகுவார், வைத்தியருக்கும் தாதிமாருக்கும் ஒன்றும் பிடிபடாது. யப்பானில் பேச நெருங்கிய சொந்தம் என்று எவரும் இல்லை. வீட்டைக் காலி செய்து, யுகாத்தாப் பெட்டியை நான் என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முதியோர் இல்லத்தில் அவருக்குச் சாம்பல்நிற ஓட்டக் காற்சட்டையும் பனியனும் போட்டுவிட்டிருந்தார்கள். போட்டுக் கழற்ற அது வசதி. யாரையும் குறை சொல்ல முடியாது. அவரை அந்தக் கோலத்தில் பார்க்கப் பிடிக்காமல் நான் சன்னலைப் பார்த்துக்கொண்டு கதைப்பேன்.

வைகாசி தொடங்குகிற நேரம் சுதா மூச்சு வாங்க எனக்குத் தொலைபேசி எடுத்தாள். "அன்ரி, மிச்சி அக்கா கதைக்கிறா! தமிழிலை கதைக்கிறா!"

"என்னவாம்?"

"கை நோகுதாம்."

ஓடிப்போனேன். உண்மைதான். என்னைக் கண்டதும் கண் பளிச்சிட, இழுத்து இழுத்து, "கை... நோகு... ச்சி" என்றார். "கை நோகுதோ அக்கா?" என்று கேட்டேன். தலையைப் பலமாக ஆட்டினார். டெனிஷ் போய், யப்பான் பாஷை சிதைந்து, என்னோடு சோறு தின்ற தமிழ் மட்டும் அந்தத் தலைக்குள் தங்கியிருக்கிறதே என்று நினைத்துச் சுதாவைப் பார்த்தேன். சுதா தாதியிடம் மொழிபெயர்த்தாள். வைத்தியர் வந்து கையை மடக்கி நீட்டிப் பார்த்து வலிக்குக் குளிசை எழுதினார்.

செய்தி ஊரெல்லாம் பரவியது. தம்பிராசா அண்ணையை உங்களுக்குத் தெரியும். யப்பான் மொழி தமிழிலிருந்து போனது என்று முப்பது வருடமாகக் கல்யாண வீடு, செத்தவீடு பாராமல் சொல்லி வருகிறவர். அவர் அப்பிள்பழப் பையோடு வந்து கட்டிலருகே உட்கார்ந்தார். "கை நோகுதோ தங்கச்சி?" என்று கேட்டார். மிச்சி அக்கா தலையாட்டினார். அண்ணைக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் அப்பவே சொன்னனான், நீங்கள் சிரிச்சனீங்கள். எங்கை சுத்தியும் பிள்ளை கடைசியிலை தாயிட்டைத்தானே வரும்!"

குளிசை கூடியது. சொல் நிற்கவில்லை. இப்போது அதைச் சொல்லிவிட்டு அழவும் தொடங்கினார். சுவரில் சங்க்ட் ஹன்ஸ் கொண்டாட்டத்துக்கான அறிவித்தல் ஒட்டியிருந்தது, நெருப்புப் படத்தோடு. இல்லத்தாரையும் பேருந்தில் ஏரிக்கரைக்குக் கூட்டிப் போவார்களாம். அந்தப் படத்தை இடது கையால் காட்டிக் காட்டி "கை நோகுச்சி" என்பார். தம்பிராசா அண்ணை அதற்கும் விளக்கம் வைத்திருந்தார்: "சின்ன வயசிலை நெருப்புச் சுட்டிருக்கும். அந்த நோ இப்ப ஞாபகம் வருது." எங்களுக்கும் அது சரிபோலவே பட்டது. நெருப்பைக் கண்டு பயப்படுகிறவரைக் கூட்டிப்போக வேண்டாம் என்று தாதிமார் முடிவு செய்தார்கள். பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள்.

அந்த வாரம் நான் என் மகள் ஆரணியோடு போனேன். கையில் நோவெண்ணெய். முழங்கையிலிருந்து தேய்க்கத் தொடங்கினேன். மிச்சி அக்கா இடது கையால் என் கையில் படீரென்று அடித்தார். அடிக்கிற ஆளே இல்லை அவர். நான் திகைத்து நிற்க, கதவில் தொங்கிய குளியல் சட்டையின் பட்டியைக் காட்டினார். எடுத்துக் கொடுத்தேன். அதை மடியில் போட்டு, ஒற்றைக் கையால் தடவி நேராக்கி, நீளவாட்டில் இரண்டாக மடித்தார். விளிம்போடு விளிம்பு பிசகாமல். ஒரு நுனியை நாடியால் அமத்திப் பிடித்துக்கொண்டு மற்றதை அதன்மேல் கொண்டுவரப் பார்த்தார். வழுக்கியது. மறுபடி மடித்தார். கை நோகிறவர் பட்டியை இப்படி மடிக்க மாட்டார். அது எனக்கு விளங்கியது. மற்றது விளங்கவில்லை.

ஆரணி தன் போனில் அந்தச் சொல்லை ஆங்கில எழுத்தில் அடித்துக்கொண்டிருந்தாள். பிறகு திரையை என் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். வரிசை வரிசையாக யுகாத்தாப் பட்டிகளின் முதுகு. தட்டையான ஒரு முடிச்சு. "அம்மா, இது வருத்தம் இல்லை. முடிச்சு" என்று டெனிஷில் சொன்னாள். "கை நோ குச்சி. சிப்பியின் வாய் என்று அர்த்தமாம்."

சிப்பியாம்! எங்கள் ஊரில் அதை மட்டி என்போம். மட்டி யாரென்று எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்தது. ஒரு மாதமாக ஒரு மனுசி வாய்விட்டுக் கேட்கிறார். நாங்கள் குளிசை கொடுத்து, எண்ணெய் தேய்த்து, மொழி ஆராய்ச்சியும் செய்திருக்கிறோம். நான் அவர் காலடியில் உட்கார்ந்து, "யுகாத்தாவோ அக்கா? சங்க்ட் ஹன்ஸுக்கோ?" என்று கேட்டேன். அவர் என் தலையில் கையை வைத்தார். கையை எடுக்காமல் அழுதார். சுதா ஓடிப்போய் எடுத்த பெயரைத் திரும்ப எழுதுவித்தாள்.

அன்று மாலை யுகாத்தாக்களைக் கொண்டுபோனேன். வயதுக்குப் பொருந்தும் என்று கருநீலத்தை மேலே வைத்தேன். அவர் கை அதைத் தள்ளிவிட்டு வெள்ளையில் போய் நின்றது. யென்ஸின் வெள்ளை. விடிகிறபோது விரிந்து வெயில் ஏற வாடுகிற கொடிப்பூ அதில் நீலமாகப் படர்ந்திருக்கும்.

சங்க்ட் ஹன்ஸ் அன்று நாங்கள் மூன்று பேர் சேர்ந்து உடுத்தினோம். விழுந்த கையை முதலில் சட்டைக்குள் விட வேண்டும் என்று சுதாவுக்குத் தெரியும். துணியை எப்படி இழுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். முடிச்சு எப்படிப் போகிறது என்பது ஆரணியின் போனுக்குத் தெரியும். சுதா ஒருதரம் வலது பக்கத்தை மேலே கொண்டுவந்தாள். மிச்சி அக்காவின் இடது கை அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. அது செத்தவருக்கு மடிக்கிற பக்கம். மாற்றினோம். கட்டிலில் இருத்தி, தூக்கி, மிச்சத் துணியை இடுப்பில் மடித்து, பட்டியைச் சுற்றி, வியர்த்து விறுவிறுத்து அந்தச் சிப்பியின் வாயைக் கட்டினோம். முதல் இரண்டும் கோணல். மூன்றாவது சிப்பி மாதிரி இருந்தது.

சக்கர நாற்காலியில் இருத்தி முதுகைச் சாய்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஏன் அந்த முடிச்சு? அத்தனை வருடமும் கட்டிய பெரிய பூமுடிச்சு நாற்காலியில் சாய்ந்தால் முதுகைக் குத்தும், நசியும். இது தட்டை, சாயலாம். பேச்சுப் போய், கை போய், எங்கள் எல்லாருக்கும் மூளை கலங்கியவராகத் தெரிந்த நேரத்தில், அவர் அந்தக் கட்டிலில் படுத்திருந்து இதையெல்லாம் யோசித்து முடிவு செய்து வைத்திருக்கிறார். நாங்கள் விளங்கிக்கொள்ள வேண்டியது மட்டும்தான் மிச்சமாக இருந்தது. வெட்கமும் பெருமையும் சேர்ந்து வந்தால் என்ன செய்வது? மூக்கைத் துடைத்தேன்.

ஏரிக்கரையில் நெருப்பு மூட்டினார்கள். டெனிஷ்காரர் வழமைபோல் பாடினார்கள். தம்பிராசா அண்ணையும் வந்திருந்தார். முடிச்சு விசயத்தை நான் அவருக்குச் சொன்னேன். "சிப்பியும் தமிழ்ச் சொல்தான்" என்றார். கோபிக்க முடியவில்லை. கம்பளி உள்ளுடுப்புக்கு மேல் வெள்ளையும் நீலமுமாக, பிடரி தெரிய, மிச்சி அக்கா அவ்வளவு அழகாக இருந்தார். வந்தவர் போனவர் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அதுதான் அவருடைய கடைசிக் கோடை.

இப்போது அவர் இல்லை. வெள்ளை அவரோடு போனது. அதை நானும் சுதாவும் உடுத்தி அனுப்பினோம். சேலையைக் கண்டால் ஓடுகிற ஆரணி சிவப்பு மீனைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கருநீலம் எனக்கு. நான் அவரைவிட உயரம்தான். ஆனாலும் அவர் வெட்டாமல் வைத்திருந்ததால் எனக்கு அளவாக இருக்கிறது.

இவற்றைவிட எனக்கென்று ஒன்று இருக்கிறது. அன்று பட்டியைக் கட்டி முடித்து, அவரை முகம் பார்க்கும் கண்ணாடிக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போய், "சரியோ அக்கா?" என்று கேட்டேன். கண்ணாடியில் தன்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். இடது கையால் கழுத்தை இன்னும் கொஞ்சம் பின்னால் இழுத்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, தெளிவாக, "ஓம்" என்றார்.

யப்பான்காரரும் 'ஆம்' என்பதற்கு அதேபோல் ஏதோ முனகுவார்களாம். ஆரணி சொன்னாள், போனில் தேடிப் பார்ப்போமா என்றும் கேட்டாள். வேண்டாம் என்றேன். அது தமிழ்தான்.